முகம் கூட்டத்துக்கு

“அடிச்சானா?”

“இல்ல மேடம். சுத்தினான், காத்துதான் வந்திச்சி. பால் கீப்பர் கையில.”

“அவ்ளோ சவுண்டு வந்திச்சே?”

“குடியாத்தத்துக்காரங்க மேடம். அவங்க ஆளு பேட்டைத் தூக்கினாலே கத்துவாங்க. பேட்டைக் கீழ வெச்சாலும் கத்துவாங்க.”

“நீ கம்முனு இருடா பரணி. பொண்ணு டூட்டில இருக்குது. எஸ்.ஐ. பாத்தார்னா அதுக்குதான் பேஜாரு.”

“நான் உங்ககிட்டதான் பாய் சொல்றேன். கண்ணாடி போட்டும் உங்களுக்குத் தெரியல இல்ல? அது அவங்க காதுல உய்ந்தா நான் இன்னா பண்றது?”

ஃபீபி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். சீருடையில் சிரிக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் காக்கி போட்டால் முகம் தானாகவே இறுகிக்கொள்ளும். அவளுக்கும் மைதானத்துக்கும் நடுவில் அவளுடைய முதுகு இருந்தது. அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு மஞ்சள் நைலான் கயிறு இருந்தது. மூங்கிலுக்கு மூங்கில் இழுத்துக் கட்டிய அந்தக் கயிறு ஜனங்களின் மூச்சுக்கேற்ப முன்னும் பின்னும் அசைந்தது.

அவள் போலீஸ் இல்லை. ஊர்க்காவல் படை. திருவிழா, தேர்தல், இந்த மாதிரி டென்னிஸ் பால் டோர்னமெண்ட் எல்லாவற்றுக்கும் போலீசுக்கு ஆள் போதாதபோது கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அவள் ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங். பரணிதரன் அதே கம்பெனியில் கட்டிங். திங்கட்கிழமை கேன்டீன் வரிசையில் “இன்னா ஃபீபி, சாம்பார் கம்மியா ஊத்திட்டாங்களா?” என்று கேட்பவர், ஞாயிற்றுக்கிழமை கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மேடம் என்கிறார். அதில் கிண்டல் பாதி, மீதிப் பாதி என்ன என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் முன்வரிசையில் நிற்பவர் அப்துல் வஹீத். தோல் பதனிடும் டேனரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அம்பயர்களைத் திட்டுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டவர்.

காலையில் எஸ்.ஐ. இளம்பரிதி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரே ஒரு உத்தரவு சொன்னார்.

“முதுகு மேட்சுக்கு, முகம் கூட்டத்துக்கு. மேட்ச் பார்க்க வந்தவங்க கயித்துக்கு அந்தப் பக்கம் போய் நிக்கலாம். இந்தப் பக்கம் நிக்கறவங்களுக்கு மேட்ச் கிடையாது.”

வரிசை கலைந்தபோது அவளை மட்டும் நிறுத்தினார்.

“நீதான் கான்ஸ்டபிள் செலக்‌ஷன்ல பாஸானது?”

“ஆமா சார்.”

“வெரிஃபிகேஷன் என்கிட்டதான் வரும். ஆளு எப்படி, ஒழுக்கம் எப்படி, சொன்னதைக் கேக்குமான்னு நான்தான் எழுதணும். இன்னைக்குப் பார்க்கிறேன்.”

எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி இந்த ஒரு மனிதர் எழுதப்போகும் நான்கு வரிகள். மூன்று வருடம் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கை, இந்தக் கோடைக்குப் பிறகு வேறு வேலை செய்யப்போகிறது என்பதை அவள் நினைக்காத இரவு இல்லை. அதனால்தான் மத்தியானத்திலிருந்து அவள் கழுத்து வலித்தும் திரும்பவில்லை.

திரும்பாமல் நிற்பது எளிதல்ல. பாலாற்றங்கரை மைதானம், காற்று அடிக்கும்போதெல்லாம் மணலும் டேனரி வாசனையும் சேர்ந்து வரும். முதுகுக்குப் பின்னால் பந்து மட்டையில் படும் சத்தம் கேட்கும்போது தோள் தானாகத் துடிக்கும். பின்னங்கழுத்தில் பந்து வந்து விழுமோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். முதலில் மைக்கில் கமெண்ட்ரி இருந்தது. கமெண்ட்ரி சொன்னவன் சும்மா இருக்காமல், “லாங் ஆன்ல ஒரு ஃபீல்டர், அவருக்குப் பின்னால நம்ம காவலர் ஒருத்தர், ரெண்டு பேருல கேட்ச் யாரு நல்லா புடிப்பாங்கன்னு இப்போ தெரியும்” என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “சார், கையை நீட்டுங்க சார்!” என்று கத்தியது. இளம்பரிதி நேராகப் போய் ஆம்ப்ளிஃபையர் ஒயரைப் பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு மைதானத்தில் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே பரணிதரன் சொன்னார். வஹீத் பாய்க்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு பந்தாக. அவர் சொல்லாவிட்டாலும் ஃபீபி பாதியைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் முகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. பந்து வீசப்படும்போது எல்லாக் கண்களும் ஒரே நூலில் கட்டியதுபோல இடமிருந்து வலம் போகும். பந்து மேலே எழும்பினால் எல்லா முகவாயும் எழும்பும். தொண்டைகள் வெளிச்சத்தில் தெரியும். நாலு போனால் சில வாய்கள் திறக்கும், சில மூடும். ஒரு பெரிய வயலில் காற்று புகுந்து போவதைப் பார்ப்பதுபோல அவள் அந்த மேட்சைப் பார்த்தாள். ஆனால் யார் அடித்தார், யார் விட்டார் என்பது முகத்தில் எழுதியிருக்காது. ஆம்பூர் ஆட்களும் குடியாத்தம் ஆட்களும் கலந்து நிற்கும் பக்கம் இது. ஒரே பந்துக்கு ஒருவன் குதிப்பான், பக்கத்திலிருப்பவன் தலையில் கைவைப்பான். அதற்குத்தான் பரணிதரன் வேண்டியிருந்தது.

“இன்னும் ஒரு ஓவர் மேடம். பத்து வேணும் அவங்களுக்கு.”

பின்வரிசைகளில் இருந்தவர்கள் முன்னால் தள்ள ஆரம்பித்தார்கள். கடைசி ஓவரில் யாருக்கும் நின்ற இடம் போதவில்லை. கயிறு ஃபீபியின் வயிற்றைத் தொட்டது.

“பின்னாடி போங்க. அண்ணா, பின்னாடி. தள்ளாதீங்க.”

“பின்னாடி எங்க மேடம் போறது? பாலாத்துலயா?”

“ஏய், அரை போலீஸ் சொல்லுதுடா, அரை அடி பின்னாடி போ!”

சிரிப்பு. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். லைனிங் செக்‌ஷன் பையன். நாளைக்குக் கம்பெனியில் தைத்த ஷூவுக்கு அவளிடம்தான் பாஸ் வாங்க வருவான். அவள் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துத் தள்ளினாள். பத்தடி தள்ளி நின்ற இன்னொரு ஊர்க்காவல் படைக்காரி ஷர்மிளாவும் தள்ளினாள். கயிறு ஒரு நொடி பின்னால் போய், அதைவிட வேகமாக முன்னால் வந்தது. வஹீத் பாய் கயிற்றுக்கு அடியில் நழுவி, ஒரு காலை மைதானத்துக்குள் வைத்துவிட்டார்.

இளம்பரிதி ஓடி வந்தார். எதுவும் கேட்கவில்லை. லத்தியைப் படுக்கையாகப் பிடித்து அந்த மனிதரின் நெஞ்சில் வைத்துத் தள்ளினார்.

“வயசாயிடுச்சு, உனக்குத் தனியா சொல்லணுமாய்யா? பின்னால போ!”

வஹீத் பாய் பின்னால் சரிந்து உட்கார்ந்தார். கண்ணாடி எகிறி மணலில் விழுந்தது. இளம்பரிதியின் பூட்ஸ் அதன்மேல் ஏறி இறங்கியது. அவர் பார்க்கவில்லை. அவர் கண் அந்த நேரம் பின்வரிசையில் மரக்கிளையில் தொங்கியவர்கள்மீது இருந்தது.

“சார், அவரை பின்னாடிலேந்து தள்ளிட்டாங்க சார். அவரு வேணும்னு…”

“நீ கூட்டத்தைப் பாரு.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “கூட்டம் சரிஞ்சா என்ன ஆகும்னு நான் பார்த்திருக்கேன்மா. முன்வரிசையில நிக்கறவங்கதான் அடியில போவாங்க. நீங்க யாரும் பார்த்ததில்ல” என்றார்.

அது பொய்யாகத் தோன்றவில்லை. அவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. காலையிலிருந்து அவர் உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை. ஆனால் மணலில் இரண்டாக உடைந்து கிடந்த கண்ணாடியும் பொய் இல்லை.

பரணிதரன் குனிந்து அதை எடுத்தார். ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை; இன்னொரு பக்கம் சிலந்தி வலைபோல விரிசல். அவர் அதைத் துடைத்து, மடித்து, வஹீத் பாயின் சட்டைப் பையில் வைத்தார்.

“பாய்… அடி கிடி பட்டுச்சா?”

“ஒண்ணுமில்லடா. எத்தினி வேணும் இப்போ?”

“நாலு. ஒரு பால்தான் பாக்கி.”

“எனக்கு இனிமே ஒண்ணும் தெரியாது. நீ சொல்லு. எனக்கும் சொல்லு, அந்தப் பொண்ணுக்கும் சொல்லு.”

பரணிதரன் இளம்பரிதியின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பந்துக்கு முன் ஒரு அமைதி வந்தது. அத்தனை ஜனம் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தினால் வருகிற அமைதி. டீக்காரரின் பம்ப் ஸ்டவ் சத்தம் தனியாகக் கேட்டது. ஃபீபி ஓரக்கண்ணால் பார்த்தாள். ஷர்மிளா திரும்பிவிட்டாள். அவளுக்கு அப்பால் நின்ற கான்ஸ்டபிள் திரும்பிவிட்டார். கயிற்றோரம் நின்ற காக்கி எல்லாம், ஒவ்வொன்றாக, வெயிலுக்குத் திரும்பும் பூப்போல மைதானத்துக்குத் திரும்பின. இளம்பரிதியே இடுப்பில் கைவைத்து ஆட்டத்தைப் பார்த்து நின்றார். முகம் கூட்டத்துக்கு இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

எல்லாக் கண்களும் இடப்பக்கம் போயின. பௌலர் ஓடி வருகிறான். ஒரு ஜோடிக் கண் மட்டும் அவர்களோடு போகவில்லை. பரணிதரன் குனிந்தார். லேஸ் அவிழ்ந்திருக்கும், கட்டுகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் நிமிர்ந்தபோது கையில் ஷூ இருந்தது. அவர் முகத்தில் கோபம்கூடத் தெரியவில்லை. கட்டிங் டேபிளில் தோலை விரித்து, எங்கே கத்தி வைக்கலாம் என்று பார்ப்பாரே, அந்த முகம்.

மட்டையில் பந்து பட்டது. கூட்டம் வெடித்தது. ஷூ அவள் தோளுக்கு மேல் பறந்தது. புதுத்தோல் வாசனை ஒரு கணம் வந்து போனது. சிலர் குதித்தார்கள், சிலர் தலையில் கைவைத்தார்கள், ஒருவன் அழுதான். அவள் எந்த முகத்தையும் படிக்கவில்லை. பரணிதரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ‘தப்’பென்று ஒரு சத்தம். பிறகு விசில். பிறகு எல்லா விசில்களும்.

ஷூ இளம்பரிதியின் கழுத்தில் பட்டுத் தொப்பியைத் தள்ளிவிட்டிருந்தது. தொப்பி உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதை எடுக்க ஒரு கான்ஸ்டபிள் ஓடினார், கூட்டத்தில் ஒருவன், “சார், நாலு போய்டும், புடிங்க!” என்று கத்தினான். அதற்குச் சிரித்தவர்கள் உடனே வாயை மூடிக்கொண்டார்கள், ஏனென்றால் லத்திகள் எழுந்துவிட்டன. ஆட்டக்காரர்களை அவசரமாகப் பந்தலுக்குள் அனுப்பினார்கள். கோப்பை வைத்த மேசைமேல் துண்டு போட்டு மூடினார்கள்.

இளம்பரிதி ஷூவைக் கையில் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஃபாரின் பிராண்டு.” கயிற்றருகே வந்து அதை உயர்த்திக் காட்டினார். “பத்தாயிரத்துக்குக் கம்மி இருக்காது. இவ்வளவு விலை ஷூ போட்டுக்கிட்டு வந்தவன் எவன்டா? யார் வீட்டுப் பிள்ளை?”

வரிசைகளில் ஒரு அலைபோல ஏதோ போயிற்று. அடக்கிய சிரிப்பு. ஃபீபிக்கே அடிவயிற்றில் அது குறுகுறுத்தது. இளம்பரிதி இந்தப் பக்கத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ‘கேன்சல்’ என்றால் என்ன என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? போன வருடம் வெளிநாட்டுக்காரன் பழுப்பு நிறம் ஒரு சாயல் ஜாஸ்தி என்று ஒரு முழு ஆர்டரையும் கேன்சல் பண்ணினான். கம்பெனி அதை போனஸ் சமயத்தில் சல்லிசாகத் தொழிலாளிகளுக்கே விற்றது. மாமனுக்கு, மச்சானுக்கு, மாடி வீட்டுக்காரருக்கு என்று ஊர் முழுக்க அது போனது. ஃபீபியின் அப்பா சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போவது அதுதான். இந்தக் கயிற்றுக்குப் பின்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் காலில் கேன்சல்.

இளம்பரிதி கீழே பார்த்தார். ஒரு பழுப்பு ஷூ. பக்கத்தில் இன்னொன்று. அவர் கண் வரிசை நெடுகப் போய்த் திரும்பி வந்தது. முகம் மாறியது. ஆனால் அவர் முட்டாள் இல்லை.

“சரி. எல்லாரும் அப்படியே நில்லு. ஒத்தைக் கால்ல ஷூ இல்லாதவன் எவன்னு பார்ப்போம்.”

பரணிதரன் இடது காலை மணலுக்குள் புதைத்திருந்தார். எத்தனை நேரத்துக்கு அதை மறைக்க முடியும்?

அப்போது வஹீத் பாய், இன்னும் உட்கார்ந்தபடியே, தன் ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கினார்.

“யோவ், என்ன பண்றே?”

“மண்ணு சார். ஆத்து மண்ணு. உள்ள பூந்துடிச்சி, கடிக்குது.” ஷூவைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். கொஞ்சம் மணல் நிஜமாகவே விழுந்தது.

“எனக்கும் பூந்துடிச்சி சார்,” என்றான் லைனிங் செக்‌ஷன் பையன்.

“ஆத்தோரம் கிரவுண்டு வெச்சா இப்படித்தான் சார்.”

ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று கழற்றினார்கள். குடியாத்தத்துக்காரர்களும் கழற்றினார்கள். செருப்புப் போட்டு வந்தவர்கள்கூட ஒரு செருப்பை உதறினார்கள். தட்டுகிற சத்தம் ஒரு மழைபோல வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கழற்றியதை யாரும் உடனே போடவில்லை. மணலில் வைத்தார்கள், காலால் தள்ளினார்கள், பக்கத்துக்காரனுடையதை மிதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எது யாருடையது என்று அந்தந்தக் கால்களுக்கே தெரியாது. பரணிதரன் முன்னால் ஒரு பழுப்பு ஷூ கிடந்தது. அது வஹீத் பாயுடையதாக இருக்கலாம்.

இளம்பரிதி அத்தனை வெறுங்கால்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் அந்த ஷூ. கழுத்தில் அது பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. அவரை ஒரு ஊரே ஒற்றைக்காலில் நின்று கேலி செய்கிறது. அதற்கு எந்தச் சட்டத்தில் கேஸ் போடுவார்? ஃபீபிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கலைந்து போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று கர்த்தரிடம் கேட்கவும் செய்தாள்.

அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

“ஃபீபிதானே உன் பேரு?”

“ஆமா சார்.”

“காலையில உங்களுக்கு என்ன சொன்னேன்?”

“முதுகு மேட்சுக்கு, முகம் கூட்டத்துக்கு சார்.”

“எல்லாரும் திரும்பிட்டாங்க. நானும் திரும்பிட்டேன், பொய் சொல்லலை.” குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. “மத்தியானத்திலேர்ந்து பார்க்கிறேன், நீ ஒருத்திதான் ஒரு தடவைகூடத் திரும்பலை. இந்த மாதிரி ஆள்தான் டிபார்ட்மென்ட்டுக்கு வேணும். அப்படியே எழுதறேன். யாருன்னு வாயால சொல்ல வேணாம். போய் அவன் முன்னால நில்லு, போதும்.”

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. முகங்கள் அவளைப் பார்த்தன. இவ்வளவு நேரம் அவளைத் தாண்டிப் பந்தைப் பார்த்த அதே கண்கள். இப்போது அவள்தான் பந்து. பரணிதரனும் பார்த்தார். கெஞ்சவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்தார், “சொல்லிடு, பரவால்ல” என்பதுபோல. அது கெஞ்சியதைவிட மோசமாக இருந்தது.

சொன்னால் நாலு வரி கிடைக்கும். பரணிதரன் போலீஸ் வேனில் ஏறுவார். ஷூவுக்குப் பதில் ஸ்டேஷனில் என்ன கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்றால் பொய் என்று இளம்பரிதிக்கே தெரியும். முகம் அங்கே இருந்தது, கண் திறந்திருந்தது. மிச்சம் ஒரே வழி. அவள் முகம் அங்கே இருக்கவில்லை என்று சொல்வது. மத்தியானம் முழுக்கக் கழுத்து வலிக்கக் காப்பாற்றிய ஒன்றை, செய்யாத தப்பைச் செய்ததாகச் சொல்லி, அவளே கீழே போடுவது.

அவள் அட்டென்ஷனில் நின்றாள்.

“நானும் திரும்பிட்டேன் சார்.”

“என்ன?”

“கடைசி பால்னு… மனசு கேக்கல சார். எல்லாரும் திரும்பினாங்க, நானும் திரும்பிட்டேன். மேட்சைத்தான் பாத்தேன். கூட்டத்தைப் பாக்கல. தப்புதான் சார்.”

கூட்டத்தில் யாரோ நீளமாக மூச்சு விட்டார். அவளுக்கும் ஏதோ இறங்கியதுபோல இருந்தது. முடிந்தது; கம்பெனியே கதி; நாளைக்கு மறுபடி சிவப்பு ஸ்டிக்கர். அப்படி நினைத்துக்கொண்டே அவள் இளம்பரிதியைப் பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. அவளை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில்தான் அவளுக்கு உறைத்தது. இந்த மைதானத்தில் கடைசிப் பந்தைப் பார்க்காத கண்கள் மூன்று பேருடையவை. உடைந்த கண்ணாடிக்காரர் ஒருவர். எறிந்தவர் ஒருவர். இன்னொருத்தி அவள். மத்தியானமெல்லாம் அவளுக்கு ஒவ்வொரு பந்தாகச் சொன்ன மனிதரிடம் இந்த ஒரு பந்து மட்டும் இல்லை.

முன்வரிசையில் சில உதடுகள் அசையத் தொடங்கின. இளம்பரிதி அவளிடமிருந்து கண்ணை எடுக்காமலே கூட்டத்தின் பக்கம் லத்தியை நீட்டினார்.

“எவனும் வாயைத் திறக்கக் கூடாது.”

பிறகு ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிட்டத்தட்ட அன்பாகவே கேட்டார்.

“மேட்சைத்தானே பார்த்தே? நல்லது. கடைசி பால்ல என்ன ஆச்சு, எனக்குச் சொல்லும்மா.”